செல்வராணி காது வைத்த வண்டி

ரூபேந்திரன் தன் அக்காள் செல்வராணியின் கார்ப் பட்டறையை விட்டுப் போனது 2023-ஆம் ஆண்டு விஜயதசமியன்று. செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்கு வந்தான், ஒன்பதுக்கெல்லாம் போய்விட்டான். எஞ்சின் கோளாறு காட்டும் ஸ்கேனரைக் கறுப்புப் பெட்டியோடு எடுத்துக்கொண்டான். தன் பெயர் தைத்த நீலச் சட்டைகள் இரண்டையும், பின்சுவரில் மாட்டியிருந்த பாலிடெக்னிக் சான்றிதழையும் எடுத்துக்கொண்டான். முந்தின நாள் ஆயுத பூஜையில் அவன் பங்குக்கென்று மூடி வைத்திருந்த சுண்டலை மட்டும் தொடவில்லை.

"பிரசாதத்த விட்டுட்டுப் போறே," என்றாள் செல்வராணி.

"நீயே சாப்பிடு. சரியா வெந்திருக்கான்னு காது வச்சுக் கேட்டுட்டுச் சாப்பிடு."

அவன் போன தூரம் அதிகமில்லை. ஸ்கூடாய் நகரில் அதே கடைவரிசையில் எட்டுக் கடை தள்ளி, பதினேழாம் எண். நல்ல நாளில் தொடங்கிய தொழில் விளங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்கு அங்கே தேங்காய் உடைக்கிற சத்தம் இங்கே கேட்டது.

செல்வராணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பண்டார் தெங்காரா ஊரைச் சுற்றியிருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் உதிரிச் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவளுக்கு யாரும் எஞ்சின் சொல்லிக்கொடுக்கவில்லை. ஃபோமேன்கள் எனப்படும் மெக்கானிக்குகள் காலையில் வந்து ஒரு சாமான் கேட்பார்கள். மாலையில் அதையே மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு வந்து, "இது இல்லம்மா, வேற" என்று நீட்டுவார்கள். என்ன வியாதிக்கு என்ன மருந்து கேட்டார்கள், எது திரும்பி வந்தது, கடைசியில் எது தங்கியது என்று அவள் மனத்துக்குள் வைத்துக்கொண்டே போனாள். ஆறு வருடத்தில், ஃபோமேன் வாயைத் திறக்கும் முன்பே அவன் கேட்கப்போவது தப்பான சாமான் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஸ்கூடாயில் ஒரு சீனர் பட்டறை, அங்கே பதினோரு வருடம். அதற்குப் பிறகு சொந்தப் பட்டறை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அவள் நகங்களைப் பார்த்துவிட்டுக் காப்பியோடு திரும்பின. மூன்றாவது குடும்பத்தை அவளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய கருவி ஒரு முழ நீள ரப்பர்க் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சின் மேல். ஓடுகிற எஞ்சினின் மூலைமுடுக்கெல்லாம் அதை வைத்துக் கேட்பாள். நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்கினால் அவள் சொல்வது ஒன்றுதான். "கரண்ட் கோளாறுன்னா நொண்டும். ஒரே கால்ல, தாளம் தப்பாம நொண்டும். காத்துக் கோளாறுன்னா குடிகாரன் நடை. அடுத்த அடி எங்க விழும்னு அவனுக்கே தெரியாது." அடுத்ததாகச் சொல்வது, "என் கை பட்ட வண்டி அதே நோவோட திரும்பி வராது." இதை அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மையாகவும் இருந்தது.

பத்து வயது இளையவனான ரூபேந்திரன் அங்கேயே கைபழகி, படித்து, ஸ்கேனரோடு திரும்பி வந்தவன். கெட்டிக்காரன். ஆனால் அவன் முடித்த ஒவ்வொரு வண்டிக்கும் சாவி கொடுப்பதற்கு முன் செல்வராணி குழாயை எடுத்துக்கொண்டு குனிவாள். "இருங்க, நான் ஒரு தடவ கேட்டுக்குறேன்." ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் அவள் கண்டுபிடித்த குறை நான்கோ ஐந்தோ. ஆயுத பூஜையன்று அவன் ஒரு மைவிக் காரை முடித்துத் துடைத்து நிறுத்தினான். அவள் வழக்கம்போல் குனிந்தாள். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே, "தம்பிக்கு இன்னும் லைசென்ஸ் குடுக்கலையா அக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வராணியும் சிரித்தாள். ரூபேந்திரன் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பழைய இஸ்வாராக் காரின் போனட்டுக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூஜைக் கயிறு கட்டுவது எப்போதும் அவள் கைதான். மற்ற வண்டிகளுக்கெல்லாம் முன்னால் வெளியே தொங்கவிட்டாயிற்று. இந்த வண்டிக்காரரின் மனைவி சரோஜினி மட்டும் தனியாக அழைத்து, "வெளியில தொங்கவிடாதேயும். லாரிக்காரன்ர வண்டி மாதிரி இருக்கும். உள்ளுக்கு எங்கயாவது கட்டிவிடும்" என்று சொல்லியிருந்தார். கைக்கு எட்டிய இடத்தில் அவள் கயிற்றைச் சுற்றியபோது ரூபேந்திரன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"பதினேழாம் நம்பர் கடைக்குச் சாவி வாங்கிட்டேன். நாளைக்குத் திறக்குறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எந்தக் காத வச்சுக்கிட்டு?" என்றாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

அதன்பிறகு அந்த வரிசையில் இரண்டு பட்டறை. இவள் கடைக்கு முன்னால் இவள் டயர் வைத்து இடம் பிடித்தால், அவன் கடைக்கு முன்னால் அவன் எண்ணெய்த் தகர டப்பா வைத்து இடம் பிடித்தான். மூலையிலிருக்கும் மாமாக் கடை என்னும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில் அவள் பத்து மணிக்குத் தேநீர் குடித்தால் அவன் பத்தரைக்கு வருவான். "அக்காகிட்ட கம்ப்யூட்டர் இல்ல, பாவம்" என்று அவன் சொன்னது அவளுக்கு வந்து சேர்ந்தது. "அவன்கிட்ட காது இல்ல, பாவமே இல்ல" என்று அவள் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் சுமந்தவர்கள் ஒரே வாடிக்கையாளர்கள்தான். அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, அந்த இஸ்வாரா நடுங்கிக்கொண்டே செல்வராணியின் வாசலுக்கு வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் தம்பிராஜா. பொதுப்பணித் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து மூன்று, கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்தும் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு மாறாத குடும்பம். 1997-இல் புதிதாக வாங்கிய அந்த வண்டியை இன்றுவரை வேறு யாரும் ஓட்ட விட்டதில்லை. அவர் எஞ்சினை அணைக்கவில்லை. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தார்.

"வாங்க அங்கிள்."

"வாறது இருக்கட்டும். என்ர கார்புரேட்டர் எங்க?"

"போனட்டுக்குள்ளதான் இருக்கும், அங்கிள்."

"அது என்ர இல்ல. நீர் மாத்திப்போட்டீர்."

பட்டறையில் இருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பினார்கள். தம்பிராஜா அவர்களுக்கும் கேட்கும்படி தொடர்ந்தார். ஒரு மாதமாக வண்டி சமிக்ஞை விளக்கில் நின்றால் நடுங்குகிறது, அழுத்தி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டுத் தம்பியிடம் போனார். கம்ப்யூட்டரைச் செருக இந்த வண்டியில் ஓட்டையே இல்லை. தம்பி பிளக் மாற்றினான், பிளக் கம்பி மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். நடுக்கம் போகவில்லை. வீட்டுக்குப் போய் போனட்டைத் திறந்து பார்த்தால் கார்புரேட்டரில் பொட்டு இல்லை.

"என்ன பொட்டு?"

"சரோஜினியின்ர நெய்ல் பாலிஷ். ஒவ்வொரு சாமானிலயும் நான் ஒரு சிவப்புப் பொட்டு வச்சிருக்கிறன். ஃபோமேன்மாரை நம்பி இருபத்தேழு வருசம் கார் வச்சிருக்க ஏலுமோ?" அவர் போனட்டைத் தூக்கிக் காட்டினார். ஆல்டர்னேட்டரில் ஒன்று, டிஸ்டிரிபியூட்டரில் ஒன்று, ரேடியேட்டர் மூடியில்கூட ஒன்று. "உம்மட தம்பியைக் கேட்டன். தான் கழுவினது மட்டும்தானாம், மாத்தேல்லையாம். மூண்டு மாதத்துக்கு முந்தி அக்காட்டத்தானே சர்வீஸ், அங்க போய்க் கேளுங்க எண்டான்."

"அப்படிச் சொன்னானா?"

"சொன்னான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூசை முடிஞ்சு எல்லாரும் நிப்பினம். என்ர காரை நாசமாக்கினது யாற்ற கை எண்டு மைக்கைப் பிடிச்சுச் சொல்லுவன். தோட்டத்தில இருந்து வந்த ஆக்களுக்குப் பாவம் பாத்து வேலை குடுத்தால் இப்பிடித்தான்."

செல்வராணியிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அவர் இருக்கும் தாமான் குடியிருப்பிலிருந்தும் அந்தக் கோயிலிலிருந்தும் வருபவை. வேலை தெரியாதவள் என்று சொன்னால் ஒரு வண்டியைச் சரி செய்து காட்டி வாயை அடைத்துவிடலாம். சாமான் திருடி என்று ஒருமுறை மைக்கில் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அந்தப் பெயரைக் கழற்றி எதில் கழுவுவது?

"அவனக் கூப்பிடுங்க," என்றாள்.

தம்பிராஜாவே நடந்து போய் அழைத்துவந்தார். ரூபேந்திரன் வாசல் கால்வாயைத் தாண்டி உள்ளே வரவில்லை. அந்தப் பக்கமே நின்று கையைத் துடைத்தான்.

"என்னக்கா, திருடனப் பிடிச்சிட்டியாமே."

"கார்புரேட்டர எதுல கழுவினே?"

"எல்லாரும் எதுல கழுவுவாங்க? கார்ப் கிளீனர்லதான். சந்தனத்துலயா கழுவுவாங்க?"

அவள் அலமாரியிலிருந்து அந்தத் தெளிப்பு டப்பாவை எடுத்தாள். டிஸ்டிரிபியூட்டர் மேலிருந்த சிவப்புப் பொட்டின் மேல் ஒரே ஓர் அழுத்து. பொட்டு கலங்கி, ஈரக் குங்குமம் போல வழிந்து இறங்கியது. துணியால் துடைத்தாள். ஒன்றுமில்லை.

"ஏய்! என்ர அடையாளத்தை ஏன் அழிச்சனீர்?" தம்பிராஜா பாய்ந்து வந்தார்.

"அடையாளம் எப்படிப் போச்சுன்னு காட்டினேன், அங்கிள். இது உங்க கார்புரேட்டர்தான். யாரும் மாத்தல. நானும் மாத்தல, அவனும் மாத்தல."

"எனக்கு நீ சாட்சி சொல்ல வேணாம்," என்றான் ரூபேந்திரன். "நான் கேட்டேனா?"

"உனக்காகச் சொல்லல. கார்புரேட்டருக்காகச் சொன்னேன்."

தம்பிராஜா துணியில் ஒட்டிய சிவப்பை முகர்ந்து பார்த்தார். தோற்றுப்போனவர்போல் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, தன் வண்டியின் பேட்டரிப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். "சரி. பொட்டு போனது போகட்டும். நடுக்கம் ஏன்? அக்காளோ, தம்பியோ, யாற்ற கையால கெட்டது எண்டு எனக்குத் தெரியோணும். அதைத்தான் நாளைக்குச் சொல்லுவன்."

"நீயும் நில்லு," என்றாள் செல்வராணி தம்பியிடம். "உன் பேரும் இதுல இருக்கு."

"நிக்கிறேன். நின்னு பாக்குறேன். காது கண்டுபிடிக்கட்டும்." இப்போதுதான் அவன் கால்வாயைத் தாண்டினான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினாள். எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் ஒரே அளவு தொய்ந்து, செருகியதும் ஒரே அளவு எழுந்தது. நான்கு சிலிண்டரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

"கரண்ட் இல்ல."

"அத நான் போன வாரமே பாத்துட்டேன்."

"பாத்தியா, கேட்டியா?"

"ஆரம்பிச்சிட்டா."

கார்புரேட்டரின் கலவைத் திருகை உள்ளே திருகினாள், வெளியே திருகினாள். எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினாள். மூச்சு முட்டிச் சாக வேண்டிய எஞ்சின், நடுக்கம் குறைந்து நிதானமாக ஓடியது. கையை எடுத்ததும் மறுபடி குடிகாரன் நடை.

"காத்து," என்றாள். "வாசல் வழியா வர்ற காத்து போதாதுன்னு எங்கயோ திருட்டுக் காத்து உள்ள போவுது. பெட்ரோல் அளவாத்தான் வருது, காத்து அதிகம். அதான் நின்ன எடத்துல நடுங்குது. ஓடுறப்போ தெரியாது."

"திருட்டுக் காத்தோ," என்றார் தம்பிராஜா. "கள்ளர் எல்லாம் இஞ்சதான் இருக்கினம்."

அவள் குழாயைக் காதில் வைத்து அங்கங்கே கேட்டாள். விசிறிச் சத்தத்தில் ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை. விரலால் ஒவ்வொரு ரப்பரையும் அடிப்பக்கமாகத் தடவிக்கொண்டு போனாள். பிறகு தெளிப்பு டப்பாவை எடுத்தாள். திருட்டுக் காற்று போகிற வழியில் தெளித்தால் அந்தத் திரவமும் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் குரல் மாறும். கார்புரேட்டரின் அடியில் தெளித்தாள், மாற்றமில்லை. இணைப்பு ஓரங்களில் தெளித்தாள், மாற்றமில்லை. பிரேக்குக்குப் போகும் பெரிய குழாயிலும் இல்லை. எஞ்சின் தலையிலிருந்து வளைந்து பின்பக்கம் இறங்குகிற, பெருவிரல் பருமனுள்ள ஒரு குழாயில் தெளித்தபோது எஞ்சின் ஒரு துள்ளு துள்ளி, சீறி, நேராக நின்று ஓடியது. மூன்று நொடி. பிறகு பழையபடி நடுங்கியது. மறுபடி தெளித்தாள். மறுபடி நேரானது.

அந்தக் குழாயை அவள் சற்று முன்புதான் தடவிப் பார்த்திருந்தாள். விரிசல் எதுவும் தட்டுப்படவில்லை. இப்போது தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். குழாய் முடிகிற இடத்தில் ஒரு கயிறு சுற்றியிருந்தது. எண்ணெயும் தூசியும் ஏறி ரப்பரோடு ரப்பராகக் கறுத்திருந்தது. எலுமிச்சம்பழம் எப்போதோ காய்ந்து விழுந்துவிட்டிருக்க வேண்டும். ஒரு மிளகாய்க் காம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, மேல்நோக்கி இழுத்து இறுக்கிய முடிச்சு. தோட்டத்துக் கிடங்கில் சாக்கு கட்டி அவள் பழகிய முடிச்சு.

விரல் முதல்முறை அதன் மேலே போனபோது அவளுக்கு அது கயிறு என்று தெரிந்திருந்தது. பூஜைக் கயிறுதானே என்று அதைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

அவள் தலையைத் தூக்கவில்லை. தம்பிராஜா பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதுபோல. ரூபேந்திரன் கைப்பேசியில் இருந்தான். அவள் சட்டைப்பையில் சிறு கத்தி இருந்தது. ஒரே வெட்டு, கயிறு பைக்குள் போய்விடும். "பழைய ரப்பர் அங்கிள், இருபத்தேழு வருசம் ஆயிடுச்சில்ல" என்றால் முடிந்தது. அது பொய்கூட இல்லை. ரப்பர் காய்ந்து கட்டையாகத்தான் இருந்தது. அல்லது கார்புரேட்டரைக் கழற்றும்போது அவன்தான் இழுத்துக் கிழித்தான் என்றாலும் கேட்பதற்கு ஆளில்லை. மைக்கில் அவன் பெயர் வரும்.

அவள் எஞ்சினை அணைத்தாள். கயிற்றை வெட்டி எடுத்தாள். அது இருந்த இடத்துக்கு நேர் அடியில், கத்தியால் கீறியதுபோல், குழாயைச் சுற்றிப் பாதித் தூரம் வெடித்திருந்தது. கயிற்றை நடுவிரலில் மாட்டி இருவருக்கும் முன்னால் நீட்டினாள்.

"ரூபன். இத நீ பாத்தியா?"

அவன் கைப்பேசியை இறக்கினான். "பாத்தேன்."

"ஏன் வெட்டல?"

"பூஜைக் கயிறு. அடுத்த பூஜை வர்றதுக்குள்ள எவனாச்சும் வெட்டுவானா? நீ வெட்டுவியா?"

அவள் தம்பிராஜாவின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இது நான் கட்டினது. ஆயுத பூஜை அன்னிக்கு. ரொம்ப இறுக்கிட்டேன். பழைய ரப்பர், ஆட ஆட வெட்டிக்கிச்சு. கெட்டது என் கையாலதான். அவன் மேல தப்பில்ல."

முதலில் சிரித்தது ரூபேந்திரன்தான். "அன்னிக்கு நான் பின்னால நின்னு பேசினேன்ல. அந்தக் கோவம்தானே இது?"

"ஆமா."

"ஒம்போது வருசம் நான் தொட்டதுக்கெல்லாம் காது வச்சியே. நீ கட்டினதுக்கு யாராச்சும் காது வச்சாங்களா?"

"வைக்கல."

தம்பிராஜா நாற்காலியை விட்டு எழுந்தார். "ஈஸ்வரன் எண்டு பேரையே வச்சிருக்கிற காருக்கு எலுமிச்சம்பழம் ஏன் கட்டினனீர்? அதுவும் எஞ்சினுக்குள்ள! ஆர் கட்டச் சொன்னது?"

"ஆன்ட்டிதான் உள்ள கட்டச் சொன்னாங்க. வெளிய கட்டினா லாரி மாதிரி இருக்கும்னு."

அவர் அங்கேயே மனைவிக்குத் தொலைபேசினார். ஒலிபெருக்கியில் போட்டார். சரோஜினியின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "நானோ? நான் அப்பிடிச் சொல்லவேயில்ல. அவளுக்குக் கதை கட்டவும் தெரியும்."

செல்வராணி அதே அளவில் புதுக் குழாய் ஒன்றை வெட்டிப் பொருத்தினாள். எஞ்சினைக் கிளப்பினாள். ஒரு நடுக்கம் இல்லை. டாஷ்போர்டுப் பிள்ளையார் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவள் சாவியைத் தம்பிராஜாவிடம் நீட்டப் போனபோது ரூபேந்திரன் குறுக்கே வந்தான். ஆணியில் மாட்டியிருந்த முழ நீள ரப்பர்க் குழாயை எடுத்தான்.

"இருங்க அங்கிள். நான் ஒரு தடவ கேட்டுக்குறேன்."

குனிந்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அவள் பொருத்திய இடத்தில் வைத்தான். நிதானமாகக் கேட்டான். நான்கு பக்கமும் கேட்டான். அவளுடைய இரண்டு வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் துணியை எடுத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். ஒன்பது வருடம் அவன் நின்ற இடம் எப்படிப்பட்டது என்று அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவன் மேல் இரக்கம் வந்ததா என்றால், இல்லை. அந்தக் குழாயைப் பிடுங்கி அவன் மண்டையில் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"சரியா இருக்கு," என்றான் அவன். குழாயை மேசையில் வீசினான். "எடுத்துட்டுப் போங்க." கால்வாயைத் தாண்டிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தம்பிராஜா மைக்கைப் பிடித்தார். செல்வராணி கூட்டத்தின் பின்னால் நின்றாள், வராமல் இருந்தால் ஓடிவிட்டாள் என்பார்கள் என்று. அவர் பொய் சொல்லவில்லை. திருட்டு நடக்கவில்லை, தம்பி மேல் குற்றமில்லை, அக்காள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள் என்றார். அப்படி ஒப்புக்கொண்டதை நல்லது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவும் இல்லை. "எஞ்சினுக்குள்ள எலுமிச்சம்பழம்" என்றபோது சிரிப்பு எழுந்தது. அவர் அதற்காகக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒருமுறை சொன்னார்.

அந்த மாதமே தாமானில் அவளுக்கு 'லீமாவ் ராணி', அதாவது எலுமிச்சை ராணி, என்று பெயர் விழுந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பதினேழாம் எண்ணுக்குப் போனார்கள். போகும்போது அவள் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, "அலமாக், லீமாவ் இல்லையாலா இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவள் யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஓட்டினாள். ஒன்று மட்டும் மாறியது. தான் முடித்த வண்டியை அவள் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுவாள். பிறகு யாரோ ஒருவர் வேலை செய்த வண்டியைப் பார்ப்பதுபோல் திரும்பி வந்து, குழாயை எடுத்துக் குனிவாள். அப்படிக் கேட்டதில் ஒரு வருடத்தில் அவளுடைய குறை ஆறு அகப்பட்டது. தம்பியிடம் கண்டுபிடித்ததைவிட அதிகம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குக் கயிற்றைச் சாமான் பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள். வண்டி எதிலும் கட்டவில்லை.

ரூபேந்திரனோடு பேச்சு இல்லை. மாமாக் கடையில் பத்து, பத்தரை அப்படியே தொடர்ந்தது. ஒருநாள் அவன் பத்து மணிக்கே வந்துவிட்டான். அவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

2025 நவம்பர். மழைக்காலம், மதியம். தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் வண்டி எதுவும் இல்லை. அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒளிர்ந்தது. 'கடை 17' என்று அவள் பதிந்து வைத்திருந்த எண். இரண்டு வருடத்தில் அதிலிருந்து வந்த முதல் செய்தி. குரல் பதிவு, நாற்பத்தொரு நொடி.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அழுத்தினாள். பேச்சு இல்லை. ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டி, நின்ற இடத்தில் நடுங்குகிறது. பின்னால் அதே மழை. அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முப்பது நொடிக்கு மேல் வெறும் எஞ்சின்தான். பிறகு அவன் குரல், யாருக்கோ கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

"கஸ்டமர் பக்கத்துல நிக்கிறாரு. போன் அடிக்காத. காத்தா, கரண்டா? ஒரே வார்த்த போடு. வேற ஒண்ணும் எழுதாத."